61 துறைகளும் ஓர் இடைவெளியும்

ஜூன் 2, திங்கள்

மனிதவள மென்பொருளில் துறைகளை ஒழுங்குபடுத்தும் வேலை என் தலையில் விழுந்தது. போன வருடம் அவசர அவசரமாக, எக்செல் கோப்பில் இருந்ததை அப்படியே ஏற்றிவிட்டார்கள். அதை வைத்தே மாதாமாதம் சம்பளமும் போட்டாகிவிட்டது. "பேரை மாத்துறதுதானே, அரை நாள் வேலை" என்றார் மேலாளர்.

பட்டியலைத் திறந்தேன். 240 பேருக்கு 61 துறைகள்! 'கணக்கு' என்று ஒன்று, 'கணக்குப் பிரிவு' என்று ஒன்று, 'கணக்குத் துறை', அப்புறம் நடுவில் இடைவெளி விடாமல் 'கணக்குத்துறை'. எதிரெதிர் மேசையில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர் இந்த ஓர் இடைவெளியால் வேறு வேறு துறை ஆகிவிட்டார்கள்.

ஜூன் 3, செவ்வாய்

61-இல் பாதி துறையே இல்லை. 'மாடி அலுவலகம்' என்பது இடம். 'ஓட்டுநர்கள்' என்பது பதவி. 'ஒப்பந்தம்' என்பது வேலையின் தன்மை. நாங்கள் வைத்திருக்கும் ஃபிராப்பே எச்.ஆர் மென்பொருளில் கிளை, பதவி, பணி வகை என்று இவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. எல்லாவற்றையும் துறைக்குள்ளேயே திணித்து வைத்திருக்கிறார்கள்.

ஒரு பெயர் துறைதானா என்று சந்தேகம் வந்தால் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்கிறேன். இவர்களுடைய விடுப்புக்கு யார் ஒப்புதல் தருகிறார்? இவர்களுடைய சம்பளம் எந்தச் செலவு மையத்தில், அதாவது கணக்கில் எந்தப் பிரிவின் செலவாக, ஏறுகிறது? இரண்டுக்கும் தனிப் பதில் இல்லையென்றால் அது துறை இல்லை. மாலைக்குள் 14-க்கு வந்துவிட்டது.

ஜூன் 5, வியாழன்

நிஜப் பதிவுகளைத் தொடாமல் முயன்று பார்க்க வைத்திருக்கும் சோதனைத் தளத்தில், எந்தத் துறைக்குக் கீழே எது என்ற மரத்தைக் கட்டினேன். தாய்த் துறைக்கு 'குழு' என்ற கட்டத்தில் டிக் போட்டால்தான் அதன் கீழே உட்துறை வைக்க முடியும். மறந்துபோய் இரண்டு தடவை திட்டு வாங்கினேன், மென்பொருளிடம்தான்.

அடுத்து, தேவையில்லாத துறைகளைப் பெயர்மாற்றத்தில் இருக்கும் 'ஏற்கெனவே உள்ளதோடு இணை' வசதியை வைத்து மளமளவென்று ஒன்றாக்கினேன். பெருமையோடு கணக்குப் பிரிவு மேடத்திடம் காட்டினேன். அவர் மரத்தைப் பார்க்கவே இல்லை. போன வருடச் சம்பள அறிக்கையைத் திறந்தார்.

"ஏங்க, போன அக்டோபர்ல 'பயிற்சி'ன்னு தனியா ஒரு துறை இருந்துச்சே, எங்க போச்சு?"

இணைத்தால் பழைய சம்பளச் சீட்டில்கூடப் புதுப் பெயர் உட்கார்ந்துகொள்ளும். திரும்பப் பெற வழியும் கிடையாது. நல்லவேளை, சோதனைத் தளம்.

ஜூன் 6, வெள்ளி

ராத்திரி யோசித்ததில் தெளிவு வந்தது. எழுத்துப்பிழையால் இரண்டானதை இணைக்கலாம். அது எப்போதுமே ஒரே துறைதான். 'பயிற்சி' மாதிரி நிஜமாகவே தனியாக இருந்து, இப்போது வேறொன்றோடு சேர்வதை இணைக்கக் கூடாது. ஆட்களைப் பணியிட மாற்றத்தின் வழியாகத் தேதி போட்டு நகர்த்திவிட்டு, காலியான துறையை முடக்கி வைக்க வேண்டும். பழைய பதிவுகள் பழைய பெயரிலேயே இருக்கும், ஊழியரின் பக்கத்திலும் எங்கிருந்து வந்தார் என்பது நிற்கும். மேடம் தலையாட்டினார். அவரிடமிருந்து அதுவே பெரிய பாராட்டு.

ஜூன் 9, திங்கள்

'ஆவணக் காப்பு' துறையில் ஒரே ஒருவர். அதை நிர்வாகத்துக்குள் கொண்டுபோகிறோம் என்ற செய்தி எப்படியோ கசிந்து, காலையிலேயே என் மேசைக்கு வந்துவிட்டார்.

"என் துறையையே தூக்கிட்டீங்களாமே?"

"துறைதான் சார் மாறுது. பதவி அப்படியே இருக்கும். ஆவணப் பொறுப்பாளர்."

"கடிதத்துல எப்படி வரும்?"

"பதவிதான் சார் வரும்."

கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். 61-ஐ 14 ஆக்கியபோது இந்த முகம் என் கணக்கில் வரவில்லை.

ஜூன் 11, புதன்

விடுப்பு ஒப்புதல் சோதனை. ஒவ்வொரு துறையிலும் ஒப்புதல் தருபவர் பெயரைப் போட்டுவிட்டேன். பட்டியலில் முதலில் இருப்பவரே இயல்பாக வருவார். ஆனால் ஊழியரின் சொந்தப் பக்கத்தில் தனியாக ஒருவர் பெயர் இருந்தால் அதற்குத்தான் முதலிடம். அங்கே போய்ப் பார்த்தால் 17 பேருக்கு, வேலையை விட்டுப் போன பழைய மேலாளரின் பெயர். துறையை மட்டும் திருத்திவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

ஆவணக் காப்பு சாரின் பக்கத்தில் அவர் பெயரே இருந்தது. ஒரு வருடமாகத் தன் விடுப்புக்குத் தானே ஒப்புதல்!

ஜூன் 13, வெள்ளி

16-ஆம் தேதியிட்ட பணியிட மாற்றங்களை இன்றே சமர்ப்பித்துவிடலாம் என்று பார்த்தேன். மாற்றத் தேதிக்கு முன்னால் சமர்ப்பிக்க முடியாது என்று வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டது. சரி, வரைவாகவே கிடக்கட்டும்.

ஜூன் 16, திங்கள்

காலை ஒன்பதுக்கே உட்கார்ந்து 38 மாற்றங்களையும் சமர்ப்பித்தேன். காலியான துறைகளை முடக்கினேன்.

மூன்று மணிக்கு ஆவணக் காப்பு சாரின் விடுப்பு விண்ணப்பம் வந்தது. ஒழுங்காக நிர்வாக மேலாளருக்கே போயிருந்தது. அவருடைய பழைய விண்ணப்பங்களில் காரணம் எழுதும் கட்டம் எல்லாவற்றிலும் காலி. இன்றைக்கு அரை நாள் விடுப்புக்கு ஐந்து வரி எழுதியிருந்தார்.