கால் எப்படி, கேஸ் எப்படி?

கால் விசாரித்த எல்லோருக்கும் நன்றி. கட்டு அவிழ்த்தாயிற்று, நொண்டல்தான் மிச்சம்.

நட்டஈடு? கொழும்பு வெள்ளவத்தையில், பாதசாரிகள் கடக்கும் மஞ்சள் கடவையில் வைத்து என்னை வாகனத்தால் இடித்தவர் நீதவான் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டிவிட்டார். அந்தக் காசு அரசாங்கத்துக்கு. எனக்கு வேண்டுமென்றால் மாவட்ட நீதிமன்றத்தில் தனி வழக்குப் போடவேண்டும், அதுவும் விபத்து நடந்து 2 வருடத்துக்குள். "கேஸ்தான் முடிஞ்சுதே மச்சான்" என்கிற நண்பர்களே, முடிந்தது அவருடைய கேஸ்.

மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாமல் இலங்கையில் வாகனம் ஓட்டக்கூடாது என்பது சட்டம். சரி, அவருடைய காப்புறுதிக்காரர் முதலில் நீட்டியது 'முழுத் தீர்வு', அதாவது இனி எதுவும் கேட்கமாட்டேன் என்று கையெழுத்துக் கேட்கும் கடிதம். அந்தத் தொகை பிசியோதெரபிக்கே காணாது. சட்டத்தரணி அக்கா, "தம்பி, இதில சைன் வைக்காதேங்கோ" என்றார். மருந்துப் பற்றுச்சீட்டு, சம்பளம் வெட்டிய கடிதம், சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை எல்லாம் ஃபைலில் இருக்கின்றன.

பொலிஸில் என் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதிவிட்டுக் கையெழுத்துக் கேட்டார்கள். தமிழில் எழுதும்வரை ஊன்றுகோலோடு வாங்கிலேயே இருந்தேன். தமிழும் ஆட்சிமொழிதானே!

அடுத்த கிழமை கொழும்பு நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைக்குப் போகிறேன். அந்தப் பக்கம் பழக்கமானவர்கள், படி ஏறாமல் உள்ளே போக வழி இருந்தால் சொல்லுங்கள்.