ஒரு ‘எல்’ எழுத்துக்காக மூன்று நாள்: பழைய லேப்டாப்புக்கு ரேம் போட்ட அனுபவம்

என் லேப்டாப்பில் இருப்பது இன்டெல் 4ஆம் தலைமுறை ஐ5 ப்ராசஸர். எஸ்எஸ்டி போட்ட பிறகு வேகம் பரவாயில்லை, ஆனால் 4 ஜிபி ரேமை வைத்துக்கொண்டு பிரவுசரில் பத்து டேப் திறந்தால் மவுஸ்கூட நகராது. கீழ் மூடியைக் கழற்றிப் பார்த்தபோது இரண்டு ஸ்லாட்டில் ஒன்று காலியாக இருந்தது. 8 ஜிபி ஒன்று வாங்கிச் சொருகிவிடலாம் என்று எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்குப் போய், “லேப்டாப்புக்கு டிடிஆர்3, எட்டு ஜிபி, 1600” என்று வகை, அளவு, வேகம் மட்டும் சொல்லிக் கேட்டு, செகண்ட்ஹேண்ட் ரேம் ஒன்றை வாங்கி வந்தேன். கேட்டதைத்தான் கொடுத்தார்கள். நான் கேட்டதுதான் அரைகுறை.

வீட்டில் பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்துவிட்டு, ரேமைச் சாய்வாகச் சொருகி அழுத்தினேன், இரண்டு பக்கக் கிளிப்பும் டக்கென்று பிடித்துக்கொண்டன. ஆன் செய்தால் விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு.

அப்புறம் மூன்று நாள் இதே வேலைதான். புதிதாக வாங்கியதைக் கழற்றினால் லேப்டாப் நன்றாக ஓடியது. லேப்டாப்பில் முன்பே இருந்த பழையதை இரண்டாவது ஸ்லாட்டில் போட்டாலும் ஓடியது, அதனால் ஸ்லாட்டில் கோளாறு இல்லை. புதியதை மட்டும் தனியாக எந்த ஸ்லாட்டில் போட்டாலும் கறுப்புத் திரை. தங்க நிறப் பின்களை ரப்பரால் துடைத்துப் பார்த்தேன், பயாஸை (ஆன் செய்ததும் முதலில் ஓடும் மென்பொருள்) அப்டேட் செய்தேன், ஒன்றும் நடக்கவில்லை. ரேம் செத்துவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன்.

திருப்பிக் கொடுக்கப் பையில் வைக்கும்போதுதான் இரண்டின் ஸ்டிக்கரையும் பக்கத்தில் வைத்துப் படித்தேன். பழையதில் பிசி3எல்-12800எஸ். வாங்கியதில் பிசி3-12800எஸ். அந்த ‘எல்’ இல்லை! எல் என்றால் குறைந்த வோல்டேஜ்: சாதாரண டிடிஆர்3 1.5 வோல்ட்டில் ஓடும், டிடிஆர்3எல் 1.35 வோல்ட்டிலேயே ஓடும். இரண்டுக்கும் அதே 204 பின், பின்களுக்கு நடுவே உள்ள வெட்டும் அதே இடத்தில், அதனால் ஸ்லாட்டில் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். டிடிஆர்4 என்றால் 260 பின், உள்ளேயே போகாது, அங்கேயே தெரிந்துவிடும். இங்கே அப்படி எந்த எச்சரிக்கையும் கிடையாது. 4ஆம் தலைமுறை லேப்டாப் ப்ராசஸர்களுக்கு டிடிஆர்3எல்தான் வேண்டும், 1.5 வோல்ட் ரேமை அவை எடுத்துக்கொள்ளாது. எல் ரேமைப் பெரும்பாலும் பழைய 1.5 வோல்ட் லேப்டாப்பில் போடலாம், தலைகீழாகப் போட முடியாது.

கடையில் போய்ச் சொன்னதும் அந்த அண்ணன் மேசையில் கிடந்த 3ஆம் தலைமுறை லேப்டாப்பில் அதே ரேமைச் சொருகி ஆன் செய்தார். உடனே திரை வந்துவிட்டது. “ரேம் நல்லாத்தான் இருக்கு தம்பி, உங்களுக்கு லோ வோல்டேஜ் வேணும், முதல்லயே சொல்லியிருக்கலாமே” என்றார். அவர் சொன்னது நியாயம். நான் பழைய ரேமைக் கையோடு கொண்டுபோயிருந்தால் அந்த மூன்று நாள் மிச்சம்.

மாற்றிக் கொடுக்கும்போது 16 ஜிபி ஒற்றை ரேமும் இருப்பதாகச் சொன்னார். அதை வேண்டாம் என்றேன். அதில் இருப்பவை 8 ஜிகாபிட் (அதாவது தலா 1 ஜிபி) சிப்புகள், 4ஆம் தலைமுறை ப்ராசஸருக்கு அவை ஒத்துவராது, ஒரு ஸ்லாட்டுக்கு 8 ஜிபிதான் எல்லை. 8 ஜிபியிலும் ஸ்டிக்கரில் 2ஆர்எக்ஸ்8 என்று போட்டிருப்பதைத் தேடி எடுத்தேன். அதில் 4 ஜிகாபிட் (தலா அரை ஜிபி) சிப்புகள் பதினாறு இருக்கும். 1ஆர்எக்ஸ்8 என்றால் எட்டே சிப், மறுபடியும் அந்த 8 ஜிகாபிட் தொல்லைதான். இந்த விஷயத்தை யாரும் சொல்வதில்லை, ஆனால் பிசி3எல் என்று சரியாகப் பார்த்து வாங்கியும் திரை வராமல் திண்டாடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இந்த முறை முதல் தடவையிலேயே ஆன் ஆனது, பயாஸில் 12 ஜிபி காட்டியது. 4-உம் 8-உம் கலந்திருப்பதால் முதல் 8 ஜிபிதான் டூயல் சேனலில் (இரண்டு ரேமையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் வேகமான முறை) ஓடும், மீதி 4 ஒற்றைச் சேனல். என் வேலைக்கு அது போதும்.

செகண்ட்ஹேண்ட் ரேம் என்பதால் அப்படியே நம்பிவிடவில்லை. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ஐப் பென்டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓடவிட்டேன். காலையில் பிழை 0 என்று இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் கீழ் மூடியின் திருகுகளை முடுக்கினேன்.