ஆடுகளுக்கு இரண்டாம் சுற்றில்தான் இடம் கிடைத்தது

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், ஒரு கிராமப்புறக் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) எங்களுக்குச் சின்னதாக ஒரு பண்ணை. கறிக்கான வெள்ளாடுகள்தான் பிரதானம். கூடவே கொஞ்சம் மாடுகள். 2020 ஏப்ரலில் அமெரிக்க விவசாயத் துறை கொரோனா நிவாரணம் அறிவித்தது. விவசாயிகள் கையில் நேரடியாக 1,600 கோடி டாலர். மே 26-ல் விண்ணப்பம் தொடங்கியதும் அக்கம்பக்கத்து மாட்டுக்காரர்கள் சட்டென்று போட்டு முடித்துவிட்டார்கள். தாத்தா காலத்திலிருந்தே அவர்கள் நிலம், வங்கிக் கணக்கு எல்லாம் கவுண்டியில் இருக்கும் விவசாயத் துறையின் பண்ணைச் சேவை அலுவலகத்தில் பதிவாகி இருக்கிறது. நாங்கள் அதுவரை எந்த மானியமும் வாங்காதவர்கள். அந்த அலுவலகம் ஒவ்வொரு பண்ணைக்கும் தரும் அடையாள எண்ணான பண்ணை எண்ணே எங்களுக்குக் கிடையாது.

உண்மையான வேலை அதை வாங்குவதில்தான் இருந்தது. அலுவலகக் கதவு பூட்டியிருந்தது. எல்லாம் தொலைபேசியும் மின்னஞ்சலும்தான். நிலப் பத்திர நகல் அனுப்பினோம். வானிலிருந்து எடுத்த படத்தில் எங்கள் வேலியைக் காட்டி எல்லையை உறுதி செய்தோம். அப்புறம் வரிசையாகப் படிவங்கள். சராசரி ஆண்டு வருமானம் 9 லட்சம் டாலரைத் தாண்டவில்லை என்று ஒன்றில் உறுதி தர வேண்டும். அதைப் படித்துவிட்டு என் கணவர் சிரித்த சிரிப்பு பட்டி வரைக்கும் கேட்டிருக்கும். சதுப்பு நிலத்தை விதிமீறி உழவில்லை என்று இன்னொன்று.

முதல் சுற்றில் மாடு, பன்றி, செம்மறி எல்லாம் உண்டு, வெள்ளாடு இல்லை. ஏப்ரல் நடுவிலிருந்து மே நடுவரை கையிருப்பில் இருந்த மாட்டுக்குத் தலைக்கு 33 டாலர். ஜனவரி 15-க்கும் ஏப்ரல் 15-க்கும் இடையில் விற்ற, 600 பவுண்டு எடைக்குக் குறைவான கன்றுக்கு 102 டாலர். அதிலும் முதலில் 80 சதவீதம்தான் தந்தார்கள், மீதி பிறகு வந்தது. எங்கள் பிழைப்பே ஆட்டில் இருக்க, மாட்டுக்கு மட்டும் கணக்கு எழுதியது எரிச்சலாகத்தான் இருந்தது.

செப்டம்பரில் இரண்டாம் சுற்று வந்தபோது கணக்கு தலைகீழானது. இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்கும் தாய்மாடுகள் இந்த முறை சேராது. வெள்ளாடு சேரும், ஆனால் தலைக்கு இவ்வளவு என்று இல்லை. 2019-ல் விற்ற தொகையில் குறிப்பிட்ட சதவீதம் தருவார்கள். 50 ஆயிரம் டாலருக்குள் என்றால் 10.6 சதவீதம். அதாவது 10,000 டாலருக்கு விற்றிருந்தால் 1,060 டாலர். இனவிருத்திக்கென்று விற்ற ஆடுகளைக் கழித்துவிட வேண்டியிருந்தது.

ஏலக்கூடத்தில் விற்றவற்றுக்கு எடை, விலை, கமிஷன் எல்லாம் அச்சடித்த ரசீது உண்டு. பக்ரீத் நேரத்தில் பண்ணைக்கே வந்து ரொக்கம் கொடுத்துக் கிடா பிடித்துப் போகிறவர்களிடம் யார் ரசீது கேட்பது? நல்லவேளையாக, கிடாவின் காதில் மாட்டிய எண், தேதி, வாங்கிய பணம் மூன்றையும் என் கணவர் ஒரு நோட்டில் குறித்து வைப்பார். சாண வாடையோடு இருந்த அந்த நோட்டையும் நாங்கள் கட்டிய வரிக் கணக்கையும் பக்கத்தில் வைத்துக் கூட்டினேன். இரண்டும் ஒத்துப்போயின. விண்ணப்பத்தோடு எதையும் இணைக்கச் சொல்லவில்லை. சொல்வது உண்மை என்று கையெழுத்துப் போட்டால் போதும். ஆனால் தணிக்கைக்கு எடுத்தால் காட்டியாக வேண்டியிருந்தது. எனவே ரசீது, நோட்டு எதையும் நாங்கள் தூக்கிப் போடவில்லை.

தொலைபேசியில் பேசிய அலுவலர் பொறுமைசாலி. ஆன்லைனில் கையெழுத்துப் போட எங்கள் ஊர் இணையம் ஒத்துழைக்கவில்லை என்றதும், தாளில் போட்டு வாசலில் இருக்கும் பெட்டியில் போடச் சொல்லிவிட்டார். பணம் சீக்கிரமே கணக்கில் ஏறியது. குளிர்காலத் தீவனத்துக்குச் சரியாக இருந்தது. பெரிய பண்ணைகள் ஒரு நபருக்கு 2,50,000 டாலர் என்ற உச்சவரம்பு வரை வாங்க முடிந்தது என்பதோடு ஒப்பிட்டால் எங்களுடையது சில்லறைதான்.

ஒன்று மட்டும் பலர் கவனிக்கவில்லை. இந்தப் பணத்துக்கு வரி இருந்தது. அடுத்த வருட ஆரம்பத்தில், அரசு தந்த தொகையைக் காட்டும் 1099-ஜி என்ற தாள் தபாலில் வந்தது. அதில் உள்ள தொகையைப் பண்ணை வருமானத்தில் சேர்த்துக் காட்ட வேண்டியிருந்தது. முழுவதையும் தீவனத்தில் போட்டுவிடாமல் வரிக்குக் கொஞ்சம் எடுத்து வைக்க வேண்டியிருந்தது.