50:50 என்று எழுதியதால் வந்த வினை

மத்திய அரசு நிறுவனங்கள் வாங்கும் பொருளில் 25 சதவீதம் குறு, சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும், அதற்குள் 4 சதவீதம் எஸ்.சி., எஸ்.டி. தொழில்முனைவோருக்கு என்பது தெரிந்துதான் டெண்டரில் இறங்கினேன். எங்களுடையது லேத் பட்டறை. புஷ், ஸ்பேசர் மாதிரி இயந்திர உதிரி பாகங்களைச் சொந்தமாகக் கடைந்து கொடுக்கிறோம். உதயம் சான்றிதழில், அதாவது குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவில், எஸ்.சி. என்றே இருக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நினைத்தேன் பாருங்கள், அங்கேதான் தப்பு.

முதல் டெண்டரில் விளக்கம் கேட்டு மெயில் வந்தது. கூட்டு ஒப்பந்தப் பத்திரத்தை அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். பங்குதாரர் நிறுவனம் என்றால் எஸ்.சி., எஸ்.டி. பங்கு குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டுமாம். எங்கள் பத்திரத்தில் 50:50. பட்டறை தொடங்கிய நாளில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து "உனக்குப் பாதி, எனக்குப் பாதி" என்று நானும் நண்பனும் பேசிக்கொண்டது அப்படியே பத்திரமாகிவிட்டது. அவன் எஸ்.சி. இல்லை. நிர்வாகப் பங்குதாரர் நான் என்பதால் உதயத்தில் என் பிரிவு விழுந்திருக்கிறது. சான்றிதழில் பங்கு விகிதம் இருக்காது, அதனால் எனக்கு உறைக்கவே இல்லை.

இ.எம்.டி., அதாவது டெண்டர் போடும்போதே கட்டும் முன்வைப்புத்தொகை, கட்டாமல் தப்பித்தது மட்டும்தான் மிச்சம். அது குறு, சிறு தொழில் எல்லாவற்றுக்கும் உள்ள சலுகை. ஆர்டர் கிடைக்கவில்லை.

ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். அதை நண்பனிடம் கேட்க எனக்கு இரண்டு வாரம் ஆனது. கேட்டதும் அவன், "இதுக்காடா இவ்வளவு இழுத்தே, பத்திரத்தைக் கொண்டா மாப்ள" என்றான். ஆடிட்டர்தான் எச்சரித்தார்: டெண்டருக்காகக் காகிதத்தில் மட்டும் 51 போடாதீர்கள், முதலீடு, லாபப் பிரிப்பு, வரிக் கணக்கு எல்லாம் அதையே சொல்ல வேண்டும். அதன்படியே செய்தோம்.

மாற்றத்தைப் பதியப் போன இடத்தில் மூன்று நடை. முதல் நாள் பழைய பத்திரத்தின் அசல் இல்லை. இரண்டாவது நாள் சாட்சியின் ஆதார் நகல் இல்லை. எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பேனா முனையால் ஆவணப் பட்டியலில் அந்த வரியைத் தட்டிக் காட்டினார். முதல் நாளே இரண்டையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் அவருக்கு என்ன குறைந்துபோயிருக்கும்? சாதிச் சான்றிதழில் அப்பா பெயர் இனிஷியலோடு, ஆதாரில் முழுப் பெயர். அது தனிக் கூத்து. டெண்டர் வருவதற்கு முன்பே பெயர்களை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். உதயத்தில் திருத்தம் செய்யக் காசே கிடையாது. பணம் கேட்கும் தளம் என்றால் அது அரசுத் தளம் இல்லை.

ஊரில் இரண்டு பேர் கேட்டார்கள், கிராமத்துப் பட்டறைக்குத் தனி ஒதுக்கீடாமே என்று. இந்தக் கொள்முதல் கொள்கையில் அப்படி ஒன்றும் இல்லை. எஸ்.சி., எஸ்.டி.க்கு 4, பெண்களுக்கு 3, அவ்வளவுதான். வாங்கி விற்கும் வியாபாரிக்கும் இது பொருந்தாது. உதயம் எண் கையில் இருந்தாலும் சரி.

இரண்டாவது டெண்டரில் குறைந்த விலை போட்டது ஒரு பெரிய கம்பெனி. எங்கள் விலை அதைவிட 11 சதவீதம் கூடுதல். போச்சு என்று இருந்தபோது, அந்த விலைக்கு இறங்கி வரச் சம்மதமா என்று கேட்டு மெயில் வந்தது. வித்தியாசம் 15 சதவீதத்துக்குள் இருந்தால் இப்படிக் கேட்பார்கள். ராத்திரி பட்டறைத் தரையில் சாக்பீஸால் கணக்குப் போட்டோம். ராடு விலை, கரண்ட், கூலி, கடைசியில் இரும்புச் சுருளைப் பழைய இரும்புக்குப் போட்டால் வரும் காசு வரை. கட்டியது, மயிரிழையில். சம்மதம் சொன்னோம், மொத்த ஆர்டரில் கால் பங்கு வந்தது.

அப்புறம் ஒரு குண்டு: ஆர்டர் கிடைத்தபின் கட்ட வேண்டிய பாதுகாப்பு வைப்புத்தொகை. இ.எம்.டி. விலக்கு என்றால் இதற்கும் விலக்கு என்று நம்பியிருந்தேன். இல்லை. அவசரமாக நகையை அடகு வைத்துப் புரட்டினோம். நீங்கள் விலை போடும்போதே அந்தப் பணத்துக்கும் வழி பார்த்துக்கொள்ளுங்கள்.

சரக்கைக் கொடுத்தபின் பணம் வர 45 நாளைத் தாண்டினால் வட்டியோடு கேட்கலாம் என்று சட்டப் பிரிவையெல்லாம் எடுத்து வைத்திருந்தேன். 38ஆம் நாளே பணம் வந்துவிட்டது. அன்று சாயங்காலம் முதல் வேலையாக நகையை மீட்டோம்.