உப்புத்தாள்

அரசுப் பேருந்துப் பணிமனை ஒன்றில் 34 ஆண்டுகள் மெக்கானிக்காக இருந்த எனக்கு, எந்த வண்டியைப் பார்த்தாலும் மனத்தில் எழும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: விடியற்காலை நான்கரை மணி நடைக்கு இது வாசலைத் தாண்டுமா? தேய்ந்ததைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டுவோம். ஸ்டோரில் புதியது இல்லையென்றால் மூலையில் நிற்கும் வண்டியிலிருந்து கழற்றி மாட்டுவோம். அதற்கும் வழியில்லை என்றால் கம்பியை முறுக்கிக் கட்டியாவது வெளியே அனுப்புவோம். கழற்றிய உறுப்பு என்ன ஆயிற்று என்று நான் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. ஓய்வு பெற்ற மறு ஆண்டு, இராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளிக்குக் கிழக்கே பனங்காட்டை ஒட்டிய ஒரு கொட்டகையில் பழைய வண்டிகளைச் சேர்த்து வைத்திருந்த சிலர் என்னை வந்து அழைத்தபோது, அதே வேலையைச் சம்பளம் இல்லாமல் செய்யப் போகிறோம் என்றுதான் எண்ணிக்கொண்டு போனேன்.

அதைக் கொட்டகை என்றே நாங்கள் சொல்கிறோம். அருங்காட்சியகம் என்ற சொல் வாசலில் உள்ள பலகையில் மட்டும் இருக்கிறது. அதுவும் பள்ளி ஆசிரியர் ஒருவர் பிடிவாதமாக எழுதச் சொன்னது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலை, பிற்பகலில் பார்க்க வருபவர்களுக்குக் கதவு திறப்பு. கட்டணம் கிடையாது. உண்டியலில் விழும் காசு டீசலுக்கும் பெயிண்டுக்கும் போகும்; டீ அவரவர் செலவு. ஓய்வு பெற்ற நடத்துநர் ஒருவர், விசைப்படகு எஞ்சின் மெக்கானிக் ஒருவர், வெல்டிங் பட்டறைக்காரர் ஒருவர், ஆசிரியர்கள் இருவர், வரலாறு படிக்கும் கல்லூரி மாணவி ஒருத்தி என்று பத்துப் பேருக்கு மேல் சேர்ந்த நாளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

உள்ளே நிற்பவையும் அதிகம் இல்லை. மூக்கு நீண்ட டாட்டா லாரி ஒன்று, டாட்டா நிறுவனம் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து 1954 முதல் 1969 வரை வண்டி செய்த காலத்தைச் சேர்ந்தது. முகப்பில் மூன்று முனை நட்சத்திரம் இருந்த இடத்தில் இப்போது துளைதான் இருக்கிறது. மூன்று சக்கர டெம்போ ஒன்று. தனுஷ்கோடி மணலில் ஓடிய வேன் ஒன்று. 1964 டிசம்பர் புயலில் அந்த ஊர் அழிந்த பிறகு, முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் அரிச்சல்முனைவரை தார்ச்சாலை வந்தது 2017-இல்தான். அதுவரை நான்கு சக்கரமும் இழுக்கும் இத்தகைய வேன்கள், டயரில் காற்றைக் குறைத்துக்கொண்டு, சேற்றிலும் மணலிலும் ஆட்களை ஏற்றிச் சென்றன. இவற்றுக்கு நடுவில் நிற்பதுதான் பேருந்து. லேலண்ட் சேஸின்மேல் கரூரில் பாடி கட்டிய தனியார் வண்டி. கருவாட்டுக் களம் ஒன்றின் ஓரத்தில் வலை வைக்கும் அறையாகப் பல ஆண்டுகள் கிடந்ததை நாங்கள் எடைக்கு விலை பேசி வாங்கி வந்தோம்.

இந்தக் கரையில் இரும்பை வைத்துக் காப்பது எளிதன்று. உச்சிப்புளியைத் தாண்டினால் நிலம் குறுகிக்கொண்டே போகும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று தென்கடலின் உப்பையும், ஐப்பசிக்குப் பிறகு வாடை வடகடலின் உப்பையும் கொண்டுவந்து வண்டியின்மேல் படிய வைக்கும். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தார் உலோக அரிமானத்தை ஆராய்வதற்கு இந்தக் கரையிலுள்ள மண்டபம் என்ற ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதிலிருந்தே இந்தக் காற்றின் குணத்தை அறிந்துகொள்ளலாம். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் உப்பு தானாகவே நீரை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். அடுப்படியில் உப்பு ஜாடி வைத்திருக்கும் எல்லோருக்கும் இது தெரிந்த செய்தியே. மழையே இல்லாத சித்திரை மாதத்து இரவிலும் எங்கள் பேருந்தின் தகடு மெல்லிய உப்பு நீருக்குள் மூழ்கித்தான் இருக்கிறது.

போதாக்குறைக்கு அது இரும்புச் சட்டத்தின்மேல் அலுமினியத் தகட்டை வைத்து ரிவெட் அடித்த பாடி. இரண்டு உலோகமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு நீர் புகுந்தால் அது ஒரு சிறு பேட்டரியாகவே ஆகிவிடுகிறது. அதில் முதலில் கரைவது அலுமினியம். ரிவெட் தலையைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருக்கும். விரலை வைத்தால் திருநீறு போல ஒட்டிக்கொள்ளும். தகட்டைத் தட்டினால் ணங்கென்று கேட்க வேண்டிய இடத்தில் சொத்தென்று கேட்கும். பணிமனையில் இப்படி ஒரு தகட்டைக் கண்டால் டிங்கர் அதைக் கிழித்து எறிந்துவிட்டு அரை நாளில் புதுத் தகடு அடித்துவிடுவார். கொட்டகையில் நாங்கள் ரிவெட்டுகளை ஒவ்வொன்றாகத் துளையிட்டு எடுத்து, தகட்டைக் கழுவிக் காயவைத்து, சட்டத்துக்கு ரெட் ஆக்சைடு பூசி, இரண்டுக்கும் நடுவில் ரப்பர் பட்டை கொடுத்து, அதே தகட்டை அதே இடத்தில் மறுபடி அடித்தோம். இடப்பக்கம் முடிக்க மட்டும் ஓர் ஆண்டும் இரண்டு மாதமும் ஆயின.

கழுவினோம் என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டேன். இந்த மாவட்டத்தில் தண்ணீருக்கு நாங்கள் படும் பாடு தெரிந்தவர்களுக்கு அதன் கனம் விளங்கும். கொட்டகைக் கிணற்று நீர் உவர். உப்பை உப்பால் கழுவுவதில் பயனில்லை. லாரித் தண்ணீரை விலைக்கு வாங்கிப் பேருந்தைக் குளிப்பாட்டினால், குடத்தோடு காத்திருக்கும் பக்கத்து வீட்டுப் பெண்கள் சும்மா இருக்க மாட்டார்கள், இருக்கவும் கூடாது. எனவே கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் பிடித்து, தை பிறந்ததும் அளந்து அளந்து செலவிடுகிறோம். தொட்டி வற்றியதும் அந்த ஆண்டுக்குக் கழுவும் வேலை முடிந்தது. பணிமனைப் பழக்கத்தில் நான் முதலில் சேஸுக்கு அடியில் பழைய எஞ்சின் ஆயிலையும் டீசலையும் கலந்து பீய்ச்சிவிட்டேன். ஓடும் வண்டிக்கு அது போதும். நிற்கும் வண்டியில் காற்றோடு வரும் மணல் அதில் அப்பிக்கொண்டு, உப்பையும் சேர்த்துப் பிடித்து வைத்துக்கொண்டது. அதைச் சுரண்டி எடுக்க மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

எஞ்சின் கதை வேறு மாதிரியானது. அது லேலண்ட் 370; ஆறு சிலிண்டர், சுமார் 6 லிட்டர். பேருந்துகளில் அதைப் பார்த்துப் பல காலம் ஆகிறது, உதிரி உறுப்புக்கு எங்கே போவது என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது, படகு மெக்கானிக் சிரித்தார். அவர் கீழக்கரைக்காரர், எல்லோரும் அவரை, அண்ணன் என்ற பொருளில், காக்கா என்றே அழைக்கிறோம். “பஸ்ஸுல இல்லன்னா என்ன, கடல்ல கெடக்குதே” என்றார். இக்கரையின் விசைப்படகுகள் பலவற்றில் காலங்காலமாக லேலண்ட் எஞ்சின்கள்தாம் ஓடிவந்திருக்கின்றன. ரேடியேட்டர் இருக்க வேண்டிய இடத்தில் கடல்நீரால் குளிரூட்டும் ஏற்பாடு இருக்கும். உள்ளே பிஸ்டனும் லைனரும் வால்வும் நமக்குப் பழக்கமானவையே. அவர் அலையாத பட்டறை இல்லை. ஒரு ஞாயிறன்று மீன் கூடையில் சாக்கைப் போட்டு மூடி, இன்ஜெக்டர்கள் ஆறும் கொண்டுவந்து வைத்தார். தரையில் ஓடிய எஞ்சின் கடலுக்குப் போனதை நான் பணிக்காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன். கடலிலிருந்து உறுப்புகள் தரைக்குத் திரும்பி வந்தது எனக்கு அதுவே முதல் முறை.

இனி நான் செய்த தவறைச் சொல்ல வேண்டும். முன் கண்ணாடிக்கு மேலே ஊர்ப்பெயர் எழுதும் தகடு ஒன்று உண்டு. மேலே பச்சைப் பெயிண்ட் பாளம் பாளமாகப் பெயர்ந்திருந்தது; அதில் வெள்ளை எழுத்தில் இராமேஸ்வரம் என்று இருந்தது. புதிதாக எழுதிவிடலாம் என்று நானே முடிவு செய்து, உப்புத்தாளை எடுத்து இடப்பக்கத்திலிருந்து தேய்க்க ஆரம்பித்தேன். கை பழகிய வேலை. மனம் எங்கோ இருந்தது. பச்சைக்குக் கீழே மஞ்சள் வந்தது, மஞ்சளில் கருப்பாக ஏதோ வளைவு தெரிந்தது, அதையும் தேய்த்துவிட்டேன். பின்னால் நின்றிருந்த மாணவி, “ஐயா, கையை எடுங்க!” என்று போட்ட சத்தத்தில் உப்புத்தாள் கீழே விழுந்துவிட்டது.

மஞ்சளில் எஞ்சியிருந்தது “டபம்” என்ற மூன்று எழுத்து. மண்டபம். 1988 அக்டோபர் 2 அன்று பாம்பன் சாலைப் பாலம் திறக்கப்படும்வரை தீவுக்குச் சாலை கிடையாது. 1914-இல் திறந்த ரயில் பாலம் ஒன்றுதான் வழி. பேருந்தில் வருபவர்கள் மண்டபத்தில் இறங்கி, மூட்டை முடிச்சோடு ரயில் ஏறித்தான் இராமேஸ்வரம் போக வேண்டும். எங்கள் பேருந்தும் மண்டபத்தோடு நின்று திரும்பிய வண்டிதான். பாலம் வந்த பிறகு யாரோ ஒரு பெயிண்டர் அந்த மஞ்சளின்மேல் பச்சை பூசி இராமேஸ்வரம் என்று எழுதியிருக்கிறார். சுமார் 2.3 கிலோமீட்டர் நீளப் பாலம் ஒன்று கடல்மேல் கட்டப்பட்டதற்கான சாட்சி, இரண்டு பூச்சுப் பெயிண்டாக அந்தத் தகட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் பாதியைத்தான் நான் பொடியாக்கித் தரையில் கொட்டினேன்.

தகட்டின் கீழ்வரியில் எழுத்து சிறியது. அதில் என் கை படவில்லை. மாணவி பருத்தித் துணியையும் மெல்லிய கத்தியையும் வைத்துக்கொண்டு, பச்சையைச் செதில் செதிலாக எடுத்தாள். இரண்டு மணி நேரத்தில் “வழி: திருவாடானை” என்பது வெளியே வந்தது. அந்த ‘னை’ இன்று நாம் எழுதுவது போல் முன்னால் தனிக் கொம்பு போட்டு எழுதப்படவில்லை. யானைத் துதிக்கை போல மேலே வளைந்த பழைய எழுத்து. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியது என்று அவள் துள்ளினாள். நடத்துநர் அவ்வளவு எளிதில் ஒப்பவில்லை: “அரசாணை போட்ட மறுநாளே பெயிண்டர் தூரிகையை மாத்திப் புடிச்சிருவானாம்மா? எத்தனையோ வருஷம் பழைய எழுத்துதானே எழுதிக்கிட்டிருந்தாங்க.” அவர் சொன்னதே சரி என்று எனக்கும் படுகிறது. ஆயினும், ஒரு தகட்டின் முன்னால் நின்று நால்வர் அப்படி வாதிடுவதை நான் பணிமனையில் கண்டதில்லை. எனக்கு அந்தத் தகடு 34 ஆண்டுகளும் வெறும் தகடாகவே இருந்திருக்கிறது. அப்படி எத்தனை தகடுகளைத் தேய்த்துப் பளபளப்பாக்கினேன் என்று எண்ணிப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

அதை மறுபடி எழுதவில்லை. தேய்த்த பகுதி வெறும் உலோகமாக, நிறமற்ற வார்னிஷ் மட்டும் பூசப்பட்டு அப்படியே இருக்கிறது. வருபவர்கள் கேட்டால் நான்தான் விளக்கம் சொல்ல வேண்டும் என்பது மற்றவர்கள் எனக்கு இட்ட தண்டனை.

வண்டி ஓடுமா என்றும் எல்லோரும் கேட்கிறார்கள். ஓடும், ஆனால் சாலைக்கு வராது. 50 ஆண்டு கடந்த பழம்பெரும் வாகனங்களுக்கென 2021-இல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. 20,000 ரூபாய் கட்டினால் தனி வரிசை எண்கூடக் கிடைக்கும். அது சொந்த உபயோகத்துக்கான இரு சக்கர வாகனங்களுக்கும் கார்களுக்கும் உரியது. ஊரையே சுமந்து திரிந்த பேருந்துக்கு அதில் இடமில்லை. அரசுப் பேருந்து ஒன்றையாவது கேட்டு வாங்கலாம் என்று ஓர் அலுவலகத்துக்கு நாங்கள் நான்கு முறை ஏறி இறங்கினோம். நான்காவது முறை, கோப்பு வேறு பிரிவுக்குப் போயிருக்கிறது என்றார்கள். 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்கப்படுவதில்லை; அவை உடைக்கும் கூடத்துக்குப் போய்விடுகின்றன. புகை கக்கும் வண்டியைச் சாலையிலிருந்து எடுப்பதில் எனக்கு மறுப்பே இல்லை. அந்தப் புகையை அதிகம் குடித்தவனே நான்தான். வகைக்கு ஒன்றை மட்டும் ஒதுக்கி வைக்கக் கூடாதா என்பதுதான் என் குறை.

எனவே மாதத்தில் இரண்டு ஞாயிறு, எஞ்சின் சூடாகட்டும் என்றும் டயர் ஒரே இடத்தில் அமுங்கிக் கிடக்க வேண்டாம் என்றும், வளாகத்துக்குள்ளேயே 60 மீட்டர் முன்னால் போய்ப் பின்னால் வருகிறோம். நடத்துநர் படியில் நின்று விசில் கொடுப்பார். விசில் இல்லாமல் வண்டியை எடுக்க எனக்கு அனுமதி கிடையாது. உள்ளே ஏறிய பிள்ளைகள் “கரம் சிரம் புறம் நீட்டாதீர்” என்ற வரியைச் சத்தமாகப் படித்துவிட்டு, சிரம் என்றால் என்ன என்று கேட்பார்கள். பெரியவர்கள் சன்னல் கம்பியைப் பிடித்துப் பார்ப்பார்கள். யுத்த காலத்தில் பெட்ரோல் பஞ்சத்தின்போது கரிவாயுவில் பேருந்து ஓடியதைத் தம் தகப்பனார் சொல்லக் கேட்ட முதியவர் ஒருவர், அந்த வாயுவைக் கரியிலிருந்து எடுக்கும் கலன் எங்கும் அகப்பட்டால் வாங்கி மாட்டுங்கள், கரிக்கு நம் ஊரில் பஞ்சமா என்றார். சீமைக்கருவேலத்தை மூட்டம் போட்டுக் கரியாக்கி லாரி லாரியாக வெளியூருக்கு அனுப்பும் மாவட்டத்தில் அவர் கேட்டது நியாயம்தான். கலன் இன்னும் அகப்படவில்லை.

அடுத்தது தனுஷ்கோடி வேன். அதன் பக்கவாட்டில் குறைந்தது நான்கு நிறம் தெரிகிறது. கதவின் கீழ்விளிம்பில் உப்பு தின்ற ஓட்டை வழியாக விரலை விடலாம். சென்ற வாரம் நான் போய்ப் பார்த்தபோது, முன்கதவில் நோட்டுப் புத்தகத் தாள் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. மாணவியின் கையெழுத்து. “உப்புத்தாள் ஆகாது” என்று எழுதி, அதன் கீழே என் பெயரையும் போட்டிருந்தாள்.