எட்டுக்கு நான்கு

7 ஜூன் 2025, சனி

ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. சிங்கப்பூர் சுங்கை காடுட்டில் எங்கள் மரவேலைப் பட்டறை பூட்டியிருக்கிறது. காலை எட்டு மணிக்கே ஹூஸ்டனிலிருந்து அக்கா மகன் காணொளியில் வந்துவிட்டான். அங்கே வெள்ளி இரவு ஏழு. "மாமா, ஒரு பெட்டி வரைந்து கொடுங்கள்" என்றான். எதற்கு என்றால் பல்லிக்காம். கேமராவைத் திருப்பினான். பல்லியா அது? கறுப்பும் வெள்ளையுமாக, கை நீளத்துக்கு ஒரு பிராணி, உடைத்துவைத்த முட்டையை நக்கிக்கொண்டிருந்தது. டேகு என்கிறார்கள், அர்ஜென்டினா, பிரேசில் பக்கத்து இனம். குஞ்சாக வாங்கியபோது தலை பச்சையாக இருந்ததால் மொச்சை என்று பெயர் வைத்தானாம். பச்சை சில மாதங்களில் போய்விட்டது.

இப்போது இருப்பது நான்கடிக் கண்ணாடித் தொட்டி. முழுதாக வளர்ந்தால் ஆண் டேகுவின் நீளமே நான்கடி இருக்கும். வளர்ப்பவர்கள் சொல்லும் குறைந்தபட்ச அளவு 8 அடி நீளம், 4 அடி அகலம், 4 அடி உயரம். கேட்டதும் சிரித்துவிட்டேன். முழு பிளைவுட் பலகையே எட்டுக்கு நான்குதான்! அடிக்கு ஒன்று, மேலுக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று. நான்காவதைப் பாதியாக அறுத்தால் இரு பக்கங்கள். துண்டு மிஞ்சாத வேலை எப்போதாவதுதான் கைக்கு வரும்.

அவன் இருப்பது ஒரே படுக்கையறை கொண்ட வாடகை வீடு, இரண்டாம் மாடி. சோபாவை விற்றுவிட்டு அந்த இடத்தில் வைக்கப்போகிறானாம். அக்காவிடம் அதைச் சொல்லப்போவது நானில்லை.

9 ஜூன், திங்கள்

மேசையில் வரைபடத்தைப் பார்த்த பட்டறைப் பையன்களுக்கு ஆசை வந்துவிட்டது. "அண்ணே, இங்கே வளர்க்கலாமா?" முடியாது. சிங்கப்பூரில் ஊர்வனவற்றில் செங்காது ஆமை போன்ற ஒன்றிரண்டுக்குத்தான் அனுமதி. பல்லி இனம், பாம்பு எதையும் வீட்டில் வைக்கக்கூடாது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் பூனைக்கே 2024 செப்டம்பரில்தான் அனுமதி கிடைத்தது. சட்டம் கடுமை என்று ஒருவன் முனகினான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. புளோரிடாவில் வளர்த்தவர்களிடமிருந்து தப்பியும் கைவிடப்பட்டும் டேகுகள் காட்டில் பெருகி, முதலைக் கூட்டில் புகுந்து முட்டையைத் தின்கின்றன. 2021இல் அந்த மாநிலம் தடைப்பட்டியலில் சேர்த்துவிட்டது. நம் தீவில் எத்தனை சதுர கிலோமீட்டர் காடு இருக்கிறது, இதையெல்லாம் தாங்க?

அக்கா மகன் இருக்கும் டெக்சஸில் சட்டச் சிக்கல் இல்லை. வீட்டுக்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கினாயா என்று கேட்டேன். பதில் வரவில்லை.

12 ஜூன், வியாழன்

இன்று முழுக்க எடைக் கணக்கு. டேகு குழி தோண்டிப் படுக்கும் பிராணி. அதற்கு ஓர் அடி ஆழத்துக்காவது மண் வேண்டும். 8 அடிக்கு 4 அடி, ஓர் அடி ஆழம் என்றால் ஏறத்தாழ 0.9 கன மீட்டர். ஈர மண்ணாக இருந்தால் ஒரு டன்னைத் தாண்டிவிடும். சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 400 கிலோ. வீவக வீட்டுத் தரை தாங்கும் சுமைக்குக் கணக்கு 150 கிலோ. அமெரிக்க வீடுகளில் சதுர அடிக்கு 40 பவுண்டு, அதாவது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 195 கிலோ. அதுவும் அவன் வீட்டில் மரச்சட்டத்தின் மேல் போட்ட தரை. நம் ஊர்க் கான்கிரீட் இல்லை.

தென்னை நார்த்தூளும் மரச்சீவலும் கலந்து போடச் சொன்னேன். எடை பாதிக்கும் கீழே இறங்கும். பெட்டி வெளிச்சுவரை ஒட்டி நிற்கட்டும், தரைச் சட்டங்களுக்குக் குறுக்காக. அப்போதுதான் ஒரே சட்டத்தின் தலையில் சுமை விழாது. சட்டம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டியது அவன் பொறுப்பு.

15 ஜூன், ஞாயிறு

சுங்கை புலோ சதுப்புநிலக் காப்பகத்துக்குப் போனேன். டேகுவை இங்கே பார்க்க முடியாது, உடும்பையாவது பார்ப்போமே என்று. இரண்டும் வேறு வேறு குடும்பம்தான். ஆனாலும் நடையையும் உடம்பைத் திருப்பும் விதத்தையும் பார்த்தால் அளவு புரியும். நடைபாதையில் ஒன்று வெயிலில் கிடந்தது, என்னைவிட நீளமாக இருக்கும். சூடேறியதும் எழுந்து நிழலுக்குள் போனது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வெயிலுக்கு வந்தது. நகரவும் ஒதுங்கவும் இடம் வேண்டும், படுத்துக்கிடக்க மட்டுமல்ல. எட்டடி நீளம் ஏன் என்று அப்போதுதான் உறைத்தது: ஒரு முனையில் வெயில், மறு முனையில் நிழல்.

19 ஜூன், வியாழன்

ஈரத்தோடு போராடியே காலம் போயிருக்கிறது எனக்கு. அலமாரிக்குக் காற்றுத்துளை, சமையலறைக்கு நீர் தாங்கும் பலகை, குளியலறைக் கதவுக்கு அலுமினியம். இந்தப் பெட்டியில் எல்லாமே தலைகீழ். 70, 80 விழுக்காடு ஈரப்பதம் உள்ளேயே நிற்க வேண்டும். குளிர்சாதனம் ஓடும் அறையில் அது நிற்காது. மேலே வலை போடலாமா என்று கேட்டான். கூடாது, பலகைதான், பக்கத்துக்கு ஒரு சிறு துளை போதும்.

வெப்ப விளக்கின் கீழே கல் 45 டிகிரிக்கு மேல் சுட வேண்டும், எதிர் முனை 25 அளவில். விளக்குக்குக் கம்பிக் கூண்டு கட்டாயம்; இல்லாவிட்டால் மொச்சை ஏறித் தொட்டுச் சுட்டுக்கொள்ளும். பணத்தை மிச்சப்படுத்த, புறஊதா விளக்குக்குப் பதிலாகப் பெட்டியை ஜன்னலோரம் வைக்கலாம் என்று ஒரு யோசனை வைத்திருந்தான். ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். அது இல்லாமல் சுண்ணாம்புச் சத்து உடம்பில் சேராது, எலும்பு வளைந்துவிடும்.

கதவு நகரும் கண்ணாடி. கீல் கதவு திறக்க முன்னால் நான்கடி காலியாக வேண்டும், அந்த வீட்டில் அது ஏது? தண்டவாளத்தில் மண் விழுந்தால் சிக்கும். அதனால் முன்பக்கம் 40 சென்டிமீட்டர் தடுப்பு, அதற்கு மேலேதான் தண்டவாளம்.

6 ஜூலை, ஞாயிறு

பெட்டியைக் கூட்டிப் பொருத்திவிட்டான். பலகைகளைத் தனித்தனியாக உள்ளே கொண்டுபோய் அறையிலேயே போல்ட் போட்டிருக்கிறான். கூட்டிய பெட்டி எந்த வாசலிலும் நுழையாது. உள்ளே இரண்டு பூச்சு நீர்க்காப்பு, குளியலறைத் தரைக்கு நாங்கள் அடிப்பதைப் போல. ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தேக்கிச் சோதிக்கச் சொல்லியிருந்தேன். அடியில் காகிதம் விரித்துப் படம் அனுப்பினான். ஒரு சொட்டும் இல்லை. ஆனால் தேக்கிய உயரம் கால் அடிகூட இருக்காது. பரவாயில்லை, தரை தாங்க வேண்டுமே.

பூச்சின் வாடை போகும்வரை மொச்சை பழைய தொட்டியில்தான். அதுவரை விளக்குகளை ஓடவிட்டு இரு முனை வெப்பத்தையும் குறித்துக்கொண்டே வரட்டும்.

டிசம்பரில் வாடகை ஒப்பந்தம் முடிகிறதாம். அடியில் சக்கரம் வைத்திருக்கலாமோ என்று இப்போது கேட்கிறான். நார்த்தூளோடு அதைத் தள்ள நான்கு பேர் வேண்டும். போல்ட்டைக் கழற்று, மூலைகளில் பூச்சைக் கத்தியால் கீறிப் பலகைகளைப் பிரி, புது வீட்டில் மூலைகளுக்கு மட்டும் மறுபடி பூசு என்றேன். அதற்கு இப்போதே ஒரு டப்பா கூடுதலாக வாங்கிவைக்கச் சொல்லியிருக்கிறேன்.