பக்கவாத வார்டு: கழிப்பறையை மட்டும் இரண்டு முறை கட்டினோம்

பழைய பொது வார்டைப் பக்கவாதப் பிரிவாக மாற்றும் வேலை ஒருவழியாக முடிந்தது. கட்டில், ஆக்சிஜன் குழாய், மானிட்டர் எல்லாம் தொந்தரவில்லாமல் வந்து சேர்ந்தன. பாடாய்ப்படுத்தியது கழிப்பறைதான்.

வரைபடத்தில் 'மாற்றுத்திறனாளி கழிப்பறை' என்று எழுதியிருந்ததால் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. கட்டிய இரண்டு கழிப்பறைகளிலுமே சுவர் வலப்பக்கம், பிடிகம்பியும் வலப்பக்கம். இடப்பக்கம் செயலிழந்தவருக்கு அது சரி. வலது கை விழுந்துபோனவர் எதைப் பிடிப்பார்? இரண்டு கட்டினால் ஒன்று இடம், ஒன்று வலம் என்று மாற்றிக் கட்டுங்கள். ஒன்றுதான் கட்ட முடியும் என்றால் சுவர் இல்லாத பக்கத்தில் மடக்குக் கம்பி போடுங்கள். எங்கள் பிசியோதெரபிஸ்ட் உள்ளே வந்து பார்த்ததே டைல்ஸ் ஒட்டிய பிறகுதான். வரைபடம் கையெழுத்தாகும் முன்பே அவரை உட்காரவைத்திருக்க வேண்டும்.

கதவு உள்பக்கம் திறந்தது. நோயாளி உள்ளே விழுந்துவிட்டால் அவர் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். வெளியே திறக்கும்படி மாற்றச் சொன்னோம். "எஸ்டிமேட்டில் இல்லை" என்றார்கள். மூன்று வாரம் கோப்பு நகரவில்லை. கடைசியில் ஒரு வீல்சேரைக் கொண்டுபோய், பொறியாளரையே உட்காரவைத்து உள்ளே போகச் சொன்னோம். போனவரால் திரும்ப முடியவில்லை. வீல்சேர் திரும்ப 1500 மி.மீ. விட்டம் வேண்டும், வாஷ்பேசினின் பீடம் அதற்குள் நின்றது. மறுநாளே கையெழுத்தானது. பீடத்தை எடுத்துவிட்டு பேசினைச் சுவரிலேயே மாட்டினோம்.

அடுத்த அடி பிடிகம்பியில். ஏஏசி பிளாக் (காற்றுக்குமிழிகள் நிறைந்த இலேசான கான்கிரீட் கல்) சுவரில் சாதாரண பிளக் அடித்து முடுக்கியிருந்தார்கள். அந்தக் கல் மென்மையானது. ஒரு ஆள் முழு எடையையும் போட்டதும் ஆட ஆரம்பித்தது. கழற்றி, சுவரை ஊடுருவும் போல்ட் போட்டு, மறுபுறம் இரும்புத் தகடு வைத்து முடுக்கினோம். டைல்ஸ் உடைந்தது உடைந்ததுதான்.

வாசலில் 20 மி.மீ. உயரத்துக்கு ஒரு கல்லும் இருந்தது. பக்கவாதம் வந்தவரின் பாதம் முழுதாகத் தூக்காது, விரல் நுனி அதில் இடறும். பெயர்த்தெடுத்துவிட்டு, தண்ணீர் வெளியே வராமலிருக்க உள்தரைக்குச் சாய்வு கொடுத்தோம். தரைக்கு அழகுக்காகப் போட்ட கறுப்பு பார்டரையும் எடுக்க வேண்டியிருந்தது. பார்வையும் கவனமும் பாதிக்கப்பட்டவருக்கு அது பள்ளமாகத் தெரியும், காலை வைக்கத் தயங்கி நின்றுவிடுவார். அழைப்பு மணி ஒரே பக்கம் வேண்டாம். இடப்பக்கத்தையே உணராதவருக்கு இடப்பக்க மணி இருந்தும் இல்லாததுதான். நீண்ட கயிறாக, எந்தப் பக்கமும் மாற்றும்படி வையுங்கள். கழிப்பறைக்குள் அந்தக் கயிறு தரைவரை தொங்கட்டும்.

சிடி ஸ்கேன் அறைக்குப் போகும் லிப்டையும் முன்கூட்டியே அளந்து பாருங்கள். எங்களுடையதில் ஸ்ட்ரெச்சர் நுழைந்தது. சிலிண்டரோடு நர்ஸ் நிற்க இடமில்லை. சிடி பார்த்த பிறகே போடுகிற, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு அறிகுறி தொடங்கியதிலிருந்து பொதுவாக நாலரை மணி நேரம்தான், அதிலும் ஒவ்வொரு நிமிடமும் மூளை செத்துக்கொண்டிருக்கும். மேல்மாடி சிடியைத் தரைத்தளத்துக்கு இறக்கக் கேட்டுக் கேட்டு, போன மாதம் இறக்கிவிட்டார்கள். ஆம்புலன்ஸ் இப்போது நேராக அதன் வாசலில் நிற்கிறது.